எச்சப் பெறுமதி: சொல்லின் பொருளும் அதைக் கணக்கிடும் முறையும்

கிணற்றடியில் பழுதாகிக் கிடக்கும் ஒரு நீரிறைக்கும் இயந்திரத்தின் பெறுமதி என்ன என்று கேட்டால் யாழ்ப்பாணத்தில் பெரும்பாலும் மூன்று விதமான விடைகள் கிடைக்கும். வீட்டுக்காரர் அதை வாங்கிய விலையை நினைவில் வைத்திருந்து சொல்வார். கணக்கேட்டைப் பார்ப்பவர், அது தேய்ந்து முடிந்துவிட்டது, ஆகவே பூச்சியம் என்பார். படலையில் வந்து நிற்கும் பழைய இரும்பு வியாபாரி, கிலோவுக்கு இவ்வளவு என்று ஒரு விலை கூறுவார்.

இம்மூன்றும் எச்சப் பெறுமதி அல்ல. உயர்தர வகுப்பு மாணவர்களுக்குக் கணக்கீடு கற்பிக்கும் எனக்கு, இந்தச் சொல் ஒரு சூத்திரத்தின் உறுப்பாக மட்டும் பாடப்புத்தகத்துக்குள் அடைபட்டுக் கிடப்பது நெடுங்காலமாகவே மனவருத்தம் தருகிறது. மாணவர்கள் பொருளை வாங்க ஆன கிரயத்திலிருந்து அதைக் கழித்து, ஆண்டுகளால் வகுத்து, புள்ளியும் பெற்றுவிடுகிறார்கள். ஆனால் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், “வினாவிலேயே தந்திருக்கிறார்கள் சேர்” என்கிறார்கள். வாழ்க்கையில் அந்த எண்ணை எவரும் தருவதில்லை. நாமே தேடிக் கண்டுபிடிக்கவேண்டும். அதைத் தேடும் முறையையே இங்கு எழுதுகிறேன்.

சொல்லின் பொருள்

ஒரு சொத்தை அதன் பயன்தரு ஆயுட்காலம் முடியும் வேளையில் அகற்றினால் எவ்வளவு கிடைக்கும் என்று மதிப்பிட்டு, அகற்றுவதற்கு ஆகும் செலவை அதிலிருந்து கழித்தபின் எஞ்சும் தொகையே எச்சப் பெறுமதி. இதை இறுதிப் பெறுமதி, மீதிப் பெறுமதி என்று எழுதுவோரும் உளர். காணி, கட்டடம், இயந்திரம் போன்ற சொத்துக்களுக்கான இலங்கைக் கணக்கீட்டு நியமம் 16 தரும் வரையறையில் பலர் கவனியாமல் கடந்து செல்லும் ஒரு நுணுக்கம் உண்டு. எட்டு ஆண்டுகளுக்குப் பின்னர் விலை எப்படியிருக்கும் என்று ஊகிக்குமாறு அந்த நியமம் கேட்கவில்லை. அந்தச் சொத்து இன்றே அந்த முதிர்ந்த வயதையும் அந்தத் தேய்ந்த நிலையையும் அடைந்திருந்தால் இன்று அதற்கு என்ன கிடைக்கும் என்றே கேட்கிறது. இது சாதாரண குடும்பத்துக்கும் பெரிய வசதி. புதிய இயந்திரத்தின் எச்சப் பெறுமதியை அறிய எதிர்காலத்தைக் கணிக்கத் தேவையில்லை. அதே வகையில் எட்டு ஆண்டு பாவித்த இயந்திரம் இன்று என்ன விலைக்குப் போகிறது என்று ஊரில் விசாரித்தாலே போதும்.

எச்சம் என்ற சொல்லை நாம் இலக்கண வகுப்பில் முதலில் சந்திக்கிறோம். ‘வந்த’ என்பது பெயரெச்சம். ஒரு பெயர் வந்து முடிக்கும்வரை அது நிறைவு பெறாது. ‘வந்து’ என்பது வினையெச்சம். ஒரு வினை வந்து முடிக்கவேண்டும். எச்சப் பெறுமதியும் அத்தகையதே என்று நான் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. பொருளுக்குள் செம்பு இருக்கலாம், வைரம் பாய்ந்த மரம் இருக்கலாம், ஓடும் நிலையிலுள்ள உதிரிப்பாகம் இருக்கலாம். ஆனால் அதை எடுத்துக்கொள்ள ஒருவர் இருந்து, அவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வழியும் இருந்தால்தான் அது பெறுமதியாக முற்றுப்பெறும்.

சொல்லைப் பயன்படுத்தும்போது நேரும் பிழைகளில் இரண்டு அடிக்கடி கண்ணில் படுகின்றன. முதலாவது, பொருளின் இன்றைய விலையை எச்சப் பெறுமதி என்பது. மூன்று ஆண்டு ஓடிய முச்சக்கர வண்டியை இன்று விற்றால் கிடைப்பது அதன் சந்தைப் பெறுமதி; கணக்கேட்டில் கிரயத்திலிருந்து இதுவரையான பெறுமானத் தேய்வை, அதாவது பாவனைக்காக ஆண்டுதோறும் செலவாக எழுதும் தொகையைக் கழித்து நிற்பது ஏட்டுப் பெறுமதி; உரிமையாளர் அதைக் கைவிட நினைத்திருக்கும் வயதிலும் நிலையிலும் அது இருந்தால், அகற்றும் செலவு போக இன்று என்ன கிடைக்கும் என்று மதிப்பிடுவதே எச்சப் பெறுமதி. இரண்டாவது பிழை, எச்சப் பெறுமதியைப் பழைய இரும்பு விலையோடு ஒன்றாக்குவது. பயன்தரு ஆயுட்காலம் என்பது பொருளின் ஆயுள் அன்று, அது இந்த உரிமையாளரின் கையில் இருக்கப்போகும் காலம். வாடகைக்கு வாகனம் ஓடுபவர் ஐந்து ஆண்டில் விற்றுவிட்டு வேறு வாங்குவார் என்றால், அவருக்கு எச்சப் பெறுமதி என்பது ஓடும் வாகனத்தின் விலை. அதே வாகனத்தை இறுதிவரை வைத்திருந்து கராஜில் பிரித்துப் போடுபவருக்கு அது உலோகத்தின் விலை. ஒரே பொருள், இரண்டு எச்சப் பெறுமதிகள்; இரண்டுமே சரியானவை.

கணக்கில் வைக்கும் முறை

கோப்பாய், உரும்பிராய்ப் பக்கச் செம்மண் தறைகளில் வெங்காயம் செய்யும் ஒருவர் நீரிறைக்கும் இயந்திரம் ஒன்றை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். இங்கு வரும் தொகைகள் கணக்கு விளங்குவதற்காக நான் இட்டவை. உங்கள் கடை விலைகளை அவற்றின் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கிரயம் 60,000 ரூபா, பாவிக்கும் காலம் 8 ஆண்டுகள், அகற்றும் செலவு போக இறுதியில் கிடைப்பது 12,000 ரூபா. ஒவ்வோர் ஆண்டும் ஒரே தொகையைத் தேய்வாக எழுதும் நேர்கோட்டு முறையில் 60,000 இலிருந்து 12,000 ஐக் கழித்து 8 ஆல் வகுக்க, ஆண்டுத் தேய்வு 6,000 ரூபா வரும். எச்சப் பெறுமதியைப் பூச்சியம் என்று வைத்தால் அது 7,500 ரூபாவாக உயரும். ஆண்டுக்கு 1,500 ரூபா வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் ஒரு போகத்து வெங்காயத்தில் இலாபம் வந்ததா நட்டம் வந்ததா என்று பார்க்கும்போது, இல்லாத ஒரு செலவை நாமே எழுதிக்கொள்கிறோம்.

ஒவ்வோர் ஆண்டும் எஞ்சும் ஏட்டுப் பெறுமதியில் ஒரே வீதத்தைத் தேய்வாக எழுதும் குறைந்துசெல் மீதி முறையில் வீதம் காண்பதற்கு எச்சப் பெறுமதியைக் கிரயத்தால் வகுத்து, ஆண்டுகள் எட்டு என்பதால் அதன் எட்டாம் மூலத்தை 1 இலிருந்து கழிக்கவேண்டும். மேற்சொன்ன இயந்திரத்துக்கு அது ஏறக்குறைய 18.2 சதவீதம். இந்தச் சூத்திரத்தில் எச்சப் பெறுமதியைப் பூச்சியமாக இட்டால் வீதம் 100 சதவீதமாகிவிடும். அதாவது முதலாண்டிலேயே பொருள் முழுவதும் தேய்ந்துபோனதாகக் கணக்குச் சொல்லும். எதையும் பூச்சியம் என்று எழுதிவிட்டுப் போகும் பழக்கம் எவ்வளவு பிழையானது என்பதை எண்களே காட்டிக்கொடுக்கும் இடம் இது.

வாங்கும் முன் இரண்டு பொருட்களை ஒப்பிடுவதற்கு இக்கணக்கு மிகவும் உதவும். அருகிலேயே 40,000 ரூபாவுக்கு மலிவான இன்னோர் இயந்திரம் இருக்கிறது. அது 5 ஆண்டுகள் உழைக்கும். அதற்கு உதிரிப்பாகம் கிடைப்பதில்லை. உடல் பெரும்பாலும் பிளாஸ்ரிக். இறுதியில் 2,000 ரூபா தேறும். அதன் ஆண்டுச் செலவு 7,600 ரூபா. ஆகவே விலை கூடியதே மலிவானது என்று பலரும் இந்த இடத்தில் கணக்கை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தக்கூடாது. எட்டு ஆண்டுகளின் பின் வரும் 12,000 ரூபா இன்று கையிலுள்ள 12,000 ரூபா அன்று. ஆண்டு வட்டி 10 சதவீதம் என்றால் அதன் இன்றைய பெறுமதி ஏறக்குறைய 5,600 ரூபாதான். வட்டியையும் சேர்த்து ஆண்டுச் செலவைக் கணித்தால் விலை கூடிய இயந்திரத்துக்கு ஏறக்குறைய 10,197 ரூபாவும், மலிவானதற்கு 10,224 ரூபாவும் வரும். இரண்டும் ஒன்றே என்று சொல்லுமளவுக்கு நெருங்கிவிட்டன. கடன்பட்டு வாங்குபவர், அதிலும் 10 சதவீதத்துக்கு மேல் வட்டி கட்டுபவர், எச்சப் பெறுமதி கூடியது என்ற ஒரு காரணத்துக்காக மட்டும் விலை கூடியதை எடுத்தால் இழப்பார். சொந்தப் பணத்தில் வாங்குபவருக்கும், கிணற்று நீர் இறைப்பு ஒரு நாளும் தடைப்படக்கூடாது என்று நினைப்பவருக்கும் தீர்ப்பு வேறாக இருக்கும்.

நியமம் 16 இல் இன்னொரு விதியும் உண்டு. எச்சப் பெறுமதி ஏட்டுப் பெறுமதிக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ இருக்குமானால், அவ்வாறு இருக்கும்வரை பெறுமானத் தேய்வு பூச்சியம். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று நம் முன்னோர் சொன்னது இதைத்தான். நம் வீடுகளில் இதற்கு மிக அருகில் வருவது நகை. ஆனால் நகையிலும் முழுவதும் அப்படியல்ல. 22 கரட் பவுண் ஒன்றின் 8 கிராமில் தூய தங்கம் ஏறக்குறைய 7.33 கிராம், உருக்கிச் சுத்திகரிக்கும்போது எஞ்சுவது அதுவே. நாம் கொடுத்த செய்கூலியும் சேதாரமும் கடை வாசலைத் தாண்டிய நொடியிலேயே போய்விட்டன. வேலைப்பாடு மிகுந்த மாலையின் எச்சப் பெறுமதி அதன் விலையில் குறைந்த பங்காகவும், வெறும் காப்பின் எச்சப் பெறுமதி கூடிய பங்காகவும் இருப்பதற்குக் காரணம் இதுவே. பிள்ளைகளின் படிப்புக்கு அடைவு வைக்கும் நாள் வரலாம் என்று எண்ணி நகை வாங்கும் குடும்பம் இதை முன்கூட்டியே அறிந்திருக்கவேண்டும்.

விற்கும் முன் பிரித்துப் பாருங்கள்

எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அப்பா இறந்த பின்னர், அவர் பாவித்த இறைப்பு இயந்திரம் ஒன்று கொட்டிலில் கிடந்தது. ஒரு நாள் தெருவால் வந்த வியாபாரி ஒருவர், “இது வெறும் பழைய இரும்புதானே அம்மா” என்று சொல்ல, அம்மாவும் இடம் ஒதுங்கினால் போதும் என்று நினைத்து, நிறுக்காமலே ஒரு தொகைக்குக் கொடுத்துவிட்டார். நான் மாலையில் வந்து பார்த்தபோது வண்டி போய்விட்டது. அதில் ஓடக்கூடிய காபரேற்றரும், பித்தளைப் பொருத்துகளும், அலுமினியக் கவசமும் இருந்தன. பணம் பெரிதன்று. ஆயினும் அப்பா ஒவ்வொரு போகமும் துடைத்து எண்ணெய் இட்டு வைத்த பொருள் ஒரு கலப்புக் குவியலாக மட்டும் மதிப்பிடப்பட்டது எனக்கு இன்றும் ஆறவில்லை.

அதிலிருந்து நான் கற்ற முறை இது. எந்தப் பழைய பொருளுக்கும் நான்கு படிகள் உண்டு. முழுப் பொருளாக இன்னொருவர் பாவிக்க விற்பது மேற்படி. உதிரிப்பாகங்களாக விற்பது அதற்கு அடுத்தது. உலோகங்களை இனம் பிரித்து நிறைக்கு விற்பது மூன்றாவது. எல்லாம் கலந்தபடி நிறைக்கு விற்பது கடைசி. ஒவ்வொரு படியாகக் கீழிறங்கும்போதும் அந்தப் பொருளைச் செய்தவரின் உழைப்பில் ஒரு பங்கு அழிகிறது. மீள்பாவனை மீள்சுழற்சியைவிட முந்தியது என்று சுற்றாடல் பாடத்தில் சொல்லப்படுவதன் பொருளியல் காரணமும் இதுவே: முழுப் போத்தலைக் கழுவி மீண்டும் நிரப்பும்போது அதை வார்த்தெடுத்த உழைப்பும் எரிபொருளும் காப்பாற்றப்படுகின்றன, உடைந்த கண்ணாடியாக உலைக்கு அனுப்பும்போது மூலப்பொருள் மட்டுமே தப்புகிறது.

ஆகவே முதலில் மேற்படியில் விலை கேளுங்கள். கிடைக்காவிட்டால் மட்டும் ஒரு படி இறங்குங்கள். பழுதுபார்ப்பவரிடம் காட்டி, திருத்த எவ்வளவு ஆகும் என்று கேட்டு, திருத்திய பின் கிடைக்கும் விலையிலிருந்து அதைக் கழியுங்கள். அது உலோக விலையைவிடக் கூடுதலாக இருந்தால் திருத்தி விற்பதே சரி. பழைய நாற்சார் வீடுகளை இடிக்கும்போது இந்தக் கணக்கைப் பார்க்காமல் விடுவதுதான் மிகப் பெரிய இழப்பு. இயந்திரத்தைக் கொண்டு இடித்தால் ஒரே நாளில் வேலை முடியும், கூலி குறைவு, ஆனால் ஓடுகளும் பனை வளைகளும் சிலாகைகளும் கதவுநிலைகளும் இடிபாட்டோடு நொருங்கிவிடும். ஆட்களைக் கொண்டு ஓடு கழற்றி, வளை இறக்கி, நிலை பெயர்த்தால் கூலி பல மடங்கு. எனினும் வைரம் பாய்ந்த பனை வளையும் பழைய மரக்கதவும் விலை போகும் இடத்தில் அந்தக் கூலியைக் கழித்த பின்னரும் மிஞ்சும். பனை ஒரு விசித்திரமான சொத்து. முதிர முதிர அதன் மரத்தில் வைரம் கூடுவதால், வயதோடு எச்சப் பெறுமதியும் ஏறுகிறது. நிற்கும் பனையைத் தறிப்பதற்கு அனுமதி பெறவேண்டியிருப்பதால், இறக்கிய பழைய வளைக்கு மதிப்பு மேலும் உண்டு.

உலோகங்களை இனம் பிரிக்க ஒரு காந்தமும் ஓர் அரமும் போதும். இரும்பைக் காந்தம் பிடிக்கும். செம்பு, பித்தளை, அலுமினியம், ஈயம் ஆகியவற்றைப் பிடிக்காது. துருப்பிடியா உருக்கிலும் பெரும்பாலான வகைகளைப் பிடிக்காது என்பதால், வெள்ளையாக இருப்பதெல்லாம் அலுமினியம் என்று எண்ணவேண்டாம். கையில் தூக்கிப் பாருங்கள், அலுமினியம் அதே அளவு உருக்கின் நிறையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே இருக்கும். மோட்டார்ச் சுருள் செந்நிறமாக இருந்தாலும் அரத்தால் மெல்ல உரசிப் பாருங்கள். செந்நிறப் பூச்சுக்குக் கீழே வெள்ளை தெரிந்தால் அது அலுமினியச் சுருள். செம்பின் விலையை எதிர்பார்க்கக்கூடாது.

செம்பை எடுப்பதற்காக மின்வயர்களை எரிப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பிவிசி உறை எரியும்போது ஐதரசன் குளோரைட்டும் டயொக்சின்களும் வெளியேறுகின்றன. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது எரிப்பவரும் அவருடைய பிள்ளைகளுமே. கருகிய செம்பு தரத்திலும் தாழ்ந்துவிடுவதால், உறை உரித்த செம்பின் விலை அதற்குக் கிடைப்பதுமில்லை. குளிர்சாதனப் பெட்டியின் குழாயை வெட்டுவதும் அத்தகையதே. பழைய பெட்டிகளுள் இருக்கும் வாயு ஓசோன் படலத்தை அரிக்கும் குளோரோபுளோரோகாபனாக இருக்கலாம். 1987 ஆம் ஆண்டு மொன்றியல் உடன்படிக்கை கட்டுப்படுத்தியது இந்த இனத்தைத்தான். சில புதிய பெட்டிகளில் இருப்பது தீப்பற்றும் ஐசோபியூட்டேன். வாயுவை எடுக்கும் கருவி வைத்திருக்கும் திருத்துநரிடம் கொடுத்து, அவருடைய கூலியை அகற்றும் செலவாகக் கழித்துக்கொள்வதே முறை.

எந்த உலோகம் ஏன் விலை போகிறது என்பதை அறிந்திருந்தால் பேரம் பேச வசதியாக இருக்கும். பழைய அலுமினியத்தை உருக்கிப் புதிதாக்குவதற்கு, தாதுவிலிருந்து அலுமினியம் எடுப்பதற்கு ஆகும் சக்தியில் ஏறக்குறைய 5 சதவீதமே தேவைப்படுகிறது. அந்தச் சேமிப்பே பழைய அலுமினியப் பானையின் விலையாக நம் கைக்கு வருகிறது. கடதாசி அப்படியல்ல, ஒவ்வொரு முறை கூழாக்கும்போதும் நார் குறுகுவதால் ஏறக்குறைய ஐந்து முதல் ஏழு சுற்றுக்குமேல் அது தாங்காது. பிளாஸ்ரிக் பெரும்பாலும் ஒவ்வொரு சுற்றிலும் தரம் இறங்கும். போத்தல் மீண்டும் போத்தலாவதைவிட, நாராகவோ வேறு தாழ்ந்த பொருளாகவோ ஆவதே வழக்கம்.

தூரமும் நிறையும்

யாழ்ப்பாணத்தில் எச்சப் பெறுமதியைத் தின்றுவிடும் பெரிய செலவு போக்குவரத்து. கொழும்பு இங்கிருந்து சுமார் 400 கிலோமீற்றர். இங்கு சேரும் பழைய இரும்பின் பெரும்பகுதி லொறியில் தெற்கு நோக்கியே செல்வதால், ஆலையின் விலையிலிருந்து அந்தத் தூரத்தின் கூலியும் இடைத்தரகர்களின் பங்கும் கழிந்த பின்னரே நம் படலைக்கு வந்து சேர்கிறது. செம்புக்கு இது பெரிதாகத் தெரியாது. ஒரு கிலோவின் விலை கூலியைவிடப் பன்மடங்கு. வெறும் பிளாஸ்ரிக் போத்தலுக்கோ இதுவே எல்லாம். ஒரு கிலோ சேர முப்பதுக்கு மேற்பட்ட போத்தல்கள் வேண்டும். நசுக்காமல் ஏற்றினால் லொறி காற்றையே சுமந்து செல்லும். மூடியைக் கழற்றி, நசுக்கி, ஒரு தெருவாக அல்லது ஒரு சனசமூக நிலையமாகச் சேர்த்து வைத்துக் கொடுத்தால் வாங்குபவர் வருவார். தனி வீட்டின் பத்துப் போத்தல்களுக்கு வரமாட்டார். ஒரு வீட்டில் பூச்சியமாக இருக்கும் எச்சப் பெறுமதி ஐம்பது வீடுகள் சேர்ந்தால் பூச்சியத்துக்கு மேல் ஏறுவதைக் கண்ணால் காணலாம். உக்கும் கழிவை அதே பைக்குள் போட்டு ஈரமாக்கினால் மீண்டும் பூச்சியத்துக்குக் கீழே இறங்கிவிடும்.

பாதையே மூடப்பட்டிருந்த காலத்தை என் வயதுக்காரர் மறக்கவில்லை. 1990 களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் பற்றரிகளும் எரிபொருளும் யாழ்ப்பாணத்துக்கு வருவது தடுக்கப்பட்டிருந்தபோது, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் இட்டு விளக்கெரித்துப் படித்தோம். மற்ற ஊர்களில் குப்பைக்குப் போகும் வெறும் போத்தல் இங்கு ஒரு மாணவரின் இரவாக இருந்தது. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்கள் இங்கு நெடுங்காலம் ஓடியதற்கும் இதுவே காரணம்: புதியது வராத இடத்தில், பிரித்த ஒவ்வொரு பாகத்துக்கும் காத்திருக்கும் இன்னொரு கார் இருந்தது. பொருளாதாரப் பாடத்தில் அருமை என்று சொல்வதை நாங்கள் கையால் தொட்டு அறிந்தோம்.

அண்மையிலும் ஒருமுறை இது நிகழ்ந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர், பாவித்த வாகனங்கள் வாங்கிய விலைக்கு மேலாகவும் விற்கப்பட்டன. இலாபம் வந்துவிட்டது என்று மகிழ்ந்தவர்கள் பலர். ஆனால் 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதமாக இருந்தது. விற்று வந்த பணத்துக்கு முன்பு கிடைத்த அரிசியும் மண்ணெண்ணெயும் கிடைக்கவில்லை. எச்சப் பெறுமதி உயர்ந்ததா, ரூபா தாழ்ந்ததா என்பதை எப்போதும் பிரித்துப் பார்க்கவேண்டும். விற்ற பணத்தில் அதே போன்ற பொருளை மீண்டும் வாங்க முடியுமா என்பது அதற்கான எளிய சோதனை.

பூச்சியத்துக்குக் கீழே

எச்சப் பெறுமதி எதிர்க் கணியமாகவும் இருக்கலாம். அகற்றும் செலவு கிடைக்கும் தொகையை மீறும்போது, பொருளைக் கொடுப்பதற்கு நாமே பணம் கொடுக்கவேண்டியிருக்கும். குருநகர்க் கரையில் உடைந்து கிடக்கும் கண்ணாடிநார்ப் படகை எடுத்துக்கொள்ளுங்கள். அதை உருக்கி மீண்டும் படகாக்க முடியாது, வெட்டினால் தூள் நுரையீரலுக்குள் போகும், எரித்தால் நச்சுப்புகை. அதன் இயந்திரத்துக்கு மட்டும் விலை உண்டு. பழைய அஸ்பெஸ்ரஸ் கூரைத் தகடும் அவ்வாறானதே: முழுதாகக் கழற்றினால் வேறொரு கொட்டிலுக்குப் போகலாம் என்று தோன்றும், ஆனால் உடையும் ஒவ்வொரு துண்டும் நாரை வெளிவிடும், நனைத்து, உடைக்காமல் இறக்கி, பொதிந்து அகற்றும் செலவையே கணக்கில் இடவேண்டும். இந்தச் செலவை வாங்கும் நாளிலேயே விலையோடு கூட்டிப் பார்த்தால், ஓடு அதிக விலையாகத் தோன்றாது.

எதிர்க் கணியத்தை மறைத்து வைப்பது எளிது: இரவில் ஒழுங்கையோரம் வீசிவிட்டால் நம் கணக்கில் பூச்சியமாகிவிடும், ஊரின் கணக்கில் ஏறிவிடும். யாழ்ப்பாணத்தின் நிலக்கீழ் நீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் இருப்பதால், நிலத்தில் ஊற்றுவது எதுவும் எவருடையதோ கிணற்றுக்குப் போய்ச் சேரும். சுன்னாகத்தில் மின்னிலையக் கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்த வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்ற கொள்கையின்படி, பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு 2019 ஏப்ரிலில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கராஜில் மாற்றும் இயந்திர எண்ணெய் ஒரு போத்தல்தான் என்றாலும் போகும் வழி ஒன்றே.

வாகனப் பற்றரி இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவில் நிற்கிறது. உள்ளிருக்கும் ஈயத்தை ஏறத்தாழ முழுவதும் மீட்கலாம் என்பதால் பழைய பற்றரிக்கு நல்ல விலை உண்டு. புதியது வாங்கும்போது கடையில் அதை விலையில் கழித்துக்கொள்வார்கள். எச்சப் பெறுமதி கண்முன்னே பற்றுச்சீட்டில் தோன்றும் அரிய இடம் அது. ஆனால் அதே பற்றரியை வீட்டு முற்றத்தில் உடைத்து அமிலத்தை நிலத்தில் ஊற்றி ஈயத்தை மட்டும் எடுத்தால், ஈயத் தூள் சிறுவர்களின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பற்றரியை ஒருபோதும் வீட்டில் திறக்கவேண்டாம். முழுதாகவே கொடுங்கள், கொடுக்கும் நாள்வரை நிமிர்த்தியே வையுங்கள்.

இன்னும் ஒன்றை இங்கு சொல்லாமல் விட முடியாது. பற்றைக்காட்டிலோ கைவிடப்பட்ட காணியிலோ கிடக்கும் இரும்பை விற்பதற்காகப் பொறுக்கச் செல்லாதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள். முகமாலை போன்ற இடங்களில் கண்ணிவெடி அகற்றும் பணி போர் முடிந்து பல ஆண்டுகள் நீடித்தது. வெடிக்காத எறிகணையின் உறை உலோகமாக எடை காட்டினாலும் அதற்கு விலை என்று ஒன்று இல்லை. கண்டால் தொடாமல் திரும்பி, பொலிசாருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள்.

எழுதி வைக்கும் முறை

வீட்டுக் கணக்குக் கொப்பியில் பெரிய பொருட்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பொருளின் பெயர், வாங்கிய திகதி, கிரயம், எத்தனை ஆண்டு பாவிக்க எண்ணுகிறீர்கள், எந்தப் படியில் விற்க எண்ணுகிறீர்கள், அதற்கு இன்று கிடைக்கும் விலை, கழற்றுவதற்கும் ஏற்றுவதற்கும் ஆகும் செலவு, இறுதியாக எச்சப் பெறுமதி. பற்றுச்சீட்டையும் உத்தரவாத அட்டையையும் அந்தப் பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள். பொருள் நம்முடையது என்று காட்டும் கடதாசி இருந்தால் வாங்குபவர் தயங்கமாட்டார், களவு வந்த பொருளோ என்ற சந்தேகமும் எழாது. விலையை ஒருவரிடம் மட்டும் கேட்டு எழுதவேண்டாம். இரண்டு கடைகளிலும், அந்தப் பொருளைத் திருத்துபவர் ஒருவரிடமும் கேட்டு, நடுவில் நிற்கும் தொகையை எடுங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் கேட்ட திகதியையும் எந்தக் கடை என்பதையும் குறியுங்கள்.

நிறுவனங்கள் ஒவ்வொரு நிதியாண்டின் முடிவிலாவது எச்சப் பெறுமதியை மீளாய்வு செய்யவேண்டும் என்கிறது நியமம் 16. வீட்டுக்கும் அதுவே போதுமான இடைவெளி. தைப்பொங்கலுக்கு வீடு துப்புரவாக்கும் நாட்கள் இதற்கு ஏற்றவை, எல்லாப் பொருளும் அப்போது வெளியே வரும். விலை மாறியிருந்தால் கடந்த ஆண்டுகளின் கணக்கைத் திருத்தத் தேவையில்லை. இன்றைய ஏட்டுப் பெறுமதியிலிருந்து புதிய எச்சப் பெறுமதியைக் கழித்து, மீதமுள்ள ஆண்டுகளால் வகுத்து, இனிவரும் ஆண்டுகளுக்கு மட்டும் எழுதுங்கள். மேற்சொன்ன இறைப்பு இயந்திரம் மூன்று ஆண்டுகளின் பின் 42,000 ரூபா ஏட்டுப் பெறுமதியில் நிற்கும். அதன் எச்சப் பெறுமதி 7,000 ரூபாவாகக் குறைந்துவிட்டது என்று தெரியவந்தால், எஞ்சிய ஐந்து ஆண்டுகளுக்கும் தேய்வு ஆண்டுக்கு 7,000 ரூபா ஆகும். திகதி இல்லாத எண் கொப்பியில் எங்காவது இருந்தால் அதை வெட்டிவிட்டு, புதிதாக விசாரித்து எழுதுங்கள்.